சுவரிலிருந்து சுவர் வரை

டீச்சர்,

உங்கள் இஞ்சு டேப் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. பழைய கடிதம் ஒன்றைத் தேடப்போய் அடியில் கை பட்டது. மஞ்சள் நிறம் வெளுத்துவிட்டது, ஒரு முனையில் இருந்த தகரத்தைக் காணவில்லை. ஆனால் நீங்கள் தேய்த்த நீலச் சாக்குக்கட்டியின் பொடி இன்னும் போகவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது. துடைக்க மனம் வரவில்லை.

தேடிய கடிதம் எதுவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நலச்சங்கச் செயலாளராக நான் எழுதியதுதான். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நம் காலனி வழியாக மேடவாக்கத்துக்கு மினி பஸ் விடலாமா, நம் தெரு எத்தனை அடி அகலம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே இறங்கி அளந்தேன். பதினாலு அடி. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை, எனவே பஸ் வேண்டாம் என்று எழுதினேன். சத்தம், புழுதி, வெளியாட்கள் நடமாட்டம் என்று இன்னும் நாலு காரணத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

கையெழுத்துக்காக உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தீர்கள். "பதினாலா?" என்று மட்டும் கேட்டீர்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவரிடம் போய் நான் எண்ணை நீட்டியிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் சர்ச் முடிந்து வந்த வெள்ளைப் புடவையோடு நீங்கள் தெருவில் குனிந்து நின்றதைக் காலனியே பார்த்தது. என் வீட்டு கேட்டுக்கு எதிரே, கார் எதுவும் நிற்காத இடைவெளியில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை டேப்பை வைத்து வைத்து நீலத்தில் கோடு கிழித்தீர்கள். ஆறு டேப், ஒரு சாண். முப்பது அடிக்கும் மேல்.

"சார், நீங்க ரோட்டை அளக்கல. ரெண்டு காருக்கு நடுவுல மிச்சம் இருக்கறதை அளந்திருக்கீங்க."

"டீச்சர், கார் நிக்கறது நிஜம்தானே? ப்ராக்டிகலா பாருங்க."

"டெய்லி தண்ணி லாரி வருதே, அது எப்படி வருது? அதை விடவா மினி பஸ் பெரிசு?"

லாரி ஹார்ன் அடித்ததும் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கூட பிரஷ்ஷோடு ஓடிவந்து காரை நகர்த்துவது நம் தெருவின் வழக்கம். தண்ணீருக்காக நகரும் கார் பஸ்ஸுக்காக நகராதா என்றுதான் கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். நீங்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து, என் மேசையில் வைத்து, "வெச்சுக்குங்க. மறுபடி அளக்கணும்னா வேணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதை டிராயரில் போட்டேன். உங்கள் கையெழுத்து இல்லாமலே கடிதத்தை அனுப்பினேன்.

என் கார் ஏன் தெருவில் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். கார் நிறுத்தக் கட்டிய இடத்துக்கு முன்னால் சுவர் எழுப்பி, ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அறையாக வாடகைக்கு விட்டிருந்தேன். தெருவில் பாதிப் பேர் செய்த காரியம்தான். வீட்டுக்குள் இருக்க வேண்டியதைத் தெருவில் நிறுத்திவிட்டு, தெரு குறுகல் என்று கையெழுத்துப் போட்ட பெரிய மனுஷன் நான். பஸ் ஏரிக்கரைப் பக்கமாகப் போய்விட்டது. நாங்கள் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடினோம். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து உங்களுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று நாள் தாம்பரம். ஷேர் ஆட்டோ பிடிக்க மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பால் பூத் படியில் ஒரு தடவை, அயர்ன் வண்டியின் ஓரத்தில் ஒரு தடவை என்று உட்கார்ந்து உட்கார்ந்து போவீர்கள். நாலைந்து நாள் நானே கொண்டுபோய் விட்டேன். அப்புறம் ஒரு நாள் நீங்களே வேண்டாம் என்றீர்கள்.

"ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. வாரத்துல மூணு நாள் எப்படி சார் ஒருத்தருக்கு தேங்க்ஸ் சொல்லிக்கிட்டே இருக்கறது? பஸ்னா யாருக்கும் சொல்ல வேண்டாம்."

குத்திக்காட்டுகிறீர்களோ என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கை விளக்குவது போலத்தான் சொன்னீர்கள். குத்திக்காட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும்.

கடைசியாக உங்களைப் பார்த்ததும் அந்த அயர்ன் வண்டி ஓரத்தில்தான். மழை விட்டிருந்த காலை. மடியில் துணிப்பை. காரை நிறுத்தி, "ஏறுங்க டீச்சர்" என்றேன். "நீங்க மேடவாக்கம் பக்கம்தானே போறீங்க? எனக்கு எதிர்ப்பக்கம். போங்க சார், லேட்டாயிடும்" என்றீர்கள். நானும் போய்விட்டேன். காரைத் திருப்ப எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும் டீச்சர்? அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வெள்ளைத் துணி போர்த்தி ஆம்புலன்ஸில்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எல்லோரும் காரை நகர்த்தினோம். ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை.

இப்போது மறுபடியும் மினி பஸ் பேச்சு வந்திருக்கிறது. அதே கேள்வி, அதே அகலம். போன ஞாயிறு கூட்டத்தில் புதுச் செயலாளர் தம்பி, "அங்கிள், உங்க பழைய லெட்டரையே டேட் மாத்திக் குடுத்துடலாம். சூப்பரா எழுதியிருந்தீங்களாமே" என்றான். அதைத் தேடித்தான் டிராயரைத் திறந்தேன்.

கடிதமும் கிடைத்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இன்று காலை தெருவில் இறங்கி, ஒரு முனையை என் மனைவியிடம் கொடுத்து, சுவரிலிருந்து சுவர் வரை அளந்தேன். குனியும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நீங்கள் தனி ஆளாக எப்படித்தான் அளந்தீர்களோ. ஆறு டேப், ஒரு சாண். ஒரு விரல்கூடக் குறையவில்லை. புதுக் கடிதத்தில் அதையே எழுதி நீட்டினேன்.

செயலாளர் தம்பிக்கு முகம் மாறிவிட்டது. "என்ன அங்கிள், நீங்களே இப்படி எழுதினா எப்படி? அப்ப உங்க கார் எங்க நிக்கும்?"

"வீட்டுக்குள்ள" என்றேன்.

அறையிலிருந்த பிள்ளைகள் போன மாதமே காலி செய்துவிட்டார்கள். முன்சுவரை இடிக்க நாளைக்கு மேஸ்திரி வருகிறார். மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் டேப்பின் அந்த முனையை அவள்தான் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்களா, பஸ் வருமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு வீட்டில் இப்போதே என்னோடு பேச்சில்லை.

டேப் என் சட்டைப் பையில் இருக்கிறது. இனி டிராயருக்குப் போகாது. பஸ் வந்தால் முதல் நாளே ஏறுவேன். அயர்ன் வண்டியையும் பால் பூத்தையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாம்பரம் வரை போவேன். இறங்கும்போது, நீங்கள் சொன்னபடியே, யாருக்கும் தேங்க்ஸ் சொல்ல மாட்டேன்.