மங்கினாலும் அறாத படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். முழங்கையில் மட்டும் கொஞ்சம் வீக்கம். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.

கைபேசியில் டிவி தெரியவைப்பதுதான் இங்கே என் வேலை. வீட்டு டிவி ஒரே இடத்தில் இருக்கும், கூரையில் ஆன்டெனாவும் உண்டு. கைபேசியோ ஓடும் பேருந்தில் அலையைப் பிடிக்க வேண்டும். படத்தைத் துல்லியமாக அனுப்பினால் ஓட்டத்தில் அறுந்துபோகிறது. அறாமல் வர வேண்டுமானால் துல்லியத்தைக் குறைத்தாக வேண்டும்.

"படம் பளிச்சுன்னு இல்லேன்னா எவன் வாங்குவான்?" என்று மேலாளர் ஒற்றைக்காலில் நின்றார். நானும் விடவில்லை. அவர் சொன்னபடி ஒரு கைபேசி, நான் சொன்னபடி ஒன்று என்று எடுத்துக்கொண்டு அவரைப் பேருந்தில் ஏற்றினேன். கால்பந்து ஆட்டம். வளைவில் திரும்பியதும் அவர் கைபேசியில் பந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. என்னுடையதில் மங்கலாகக் கோல் விழுந்தது. "எங்க, எங்க, காட்டு!" என்று அவர் பாய்ந்ததில்தான் நான் கம்பியில் இடித்துக்கொண்டேன். ஆனாலும் மனிதர் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கும்வரை தினமும் ஏற்றுவேன்.

உங்கள் முழங்கால் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் அந்த வாசனை இல்லை.

மேலாளர் வாசலில் நிற்கிறார், ஓட வேண்டும். ஒன்றே ஒன்று அப்பா. கையெழுத்து முத்து முத்தாக வர வேண்டும் என்று மாதக்கணக்கில் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கோழி கிளறியது போல இருந்தாலும் சரி, அடிக்கடி எழுதுங்கள்.

உங்கள் வாயாடி மகள்