ஸ்கேன் ஓடாத காலை

பாப்பா,

கம்ப்யூட்டரைப் போடாதே. உன் பென் டிரைவைச் செருகவே செருகாதே, அதிலும் வைரஸ் தொற்றிக்கொள்ளும். விடிந்ததிலிருந்து ஆன்டிவைரஸோடு மல்லுக்கட்டுகிறேன். 'ஸ்கேன்' என்று அழுத்தினால் தானே மூடிக்கொள்கிறது. சேஃப் மோடிலும் அதே கதை. ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சார், அது உள்ள பூந்ததும் முதல்ல காவல்காரன் கையத்தான் கட்டும். வாங்க, ஸ்கேனரை வேற பென் டிரைவ்ல ஏத்தித் தரேன், அதுலயே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றார். அங்கேதான் போகிறேன். திங்கட்கிழமைக்குள் உன் ஆய்வேட்டை எப்படியாவது மீட்டுவிட வேண்டும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நேற்று இரவும் நீ சாப்பிடவில்லை.

"கண்ட படத்தையும் டவுன்லோடு பண்ணினா இப்படித்தான்" என்று நேற்று உன்னிடம் கத்தினேன். காலையில் டவுன்லோடு பட்டியலைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மதியம், நீ கல்லூரியில் இருந்த நேரம். 'உங்கள் பார்சல் காத்திருக்கிறது' என்று வந்த மெயிலில் இருந்த ஃபைல். அதைத் திறந்தது நான்தான்.

அப்பா

அம்மாவிடம் சொன்னேன். "இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க" என்றாள். உன் அறை வாசல்வரை வந்தேன். கதவைத் தட்டக் கை வரவில்லை.