அந்த ஜெபத்தை நான் செய்திருக்கக் கூடாது, அண்ணி

என் அன்பு ரோசி அண்ணி,

நம் கிரேசுக்குக் கல்யாணம். அடுத்த மாதம், புக்கிட் ரோத்தான் சபையில். மாப்பிள்ளை கோலா சிலாங்கூரில் லோரி ஓட்டுகிறார், நல்ல குணம். மகள் கல்யாணம் என்று அண்ணன் ஓடியாடி வேலை பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

போன வாரம் கிரேஸ் வீட்டுக்கு வந்தாள். "அம்மா இல்லல்ல அத்தை. என் தலையில கைவச்சு நீங்கதான் ஜெபம் பண்ணணும்" என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வேன்?

நீங்கள் போனதிலிருந்து என்னால் ஜெபிக்கவே முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

ரப்பர் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோமே, அப்போது அண்ணனுக்கும் தெரியாத ஒன்றை என்னை நம்பிச் சொன்னீர்கள். அந்த வாரமே பெண்கள் ஜெபக்கூட்டத்தில், உங்களுக்காக மன்றாடுகிறேன் என்று உங்கள் பெயரோடு அதையும் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். ஆனாலும் எல்லாரும் மூச்சடக்கிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அக்கறையில் சொன்னேன் என்று மனிதரிடம் சொல்லலாம். ஆண்டவரிடம்?

அண்ணன் காதுக்கும் எட்டியது. மாதக்கணக்கில் உங்களிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

நீங்கள் சண்டை போடவில்லை. என் வாசலில் நின்று, "எனக்காக ஜெபம் பண்ணுனியாம்ல ரூபி. இனிமே பண்ணாத" என்றீர்கள். அதன்பின் சபைப் பக்கமே வரவில்லை. நோயில் கிடந்தபோதும் பாஸ்டர் வேண்டாம் என்றீர்கள். நான் துணிந்து மன்னிப்புக் கேட்க வந்த அன்று உங்களுக்கு நினைவு தப்பிவிட்டது.

பாஸ்டரிடம் எல்லாம் சொன்னேன், உங்கள் ரகசியத்தைத் தவிர. "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு சிஸ்டர், நம்புங்க" என்றார். நம்பத்தான் பார்க்கிறேன். முழங்காலில் நின்று வாயைத் திறந்தால் அன்றைக்கு ஜெபக்கூட்டத்தில் வந்த அதே குரல்தான் வருகிறது. பயந்து எழுந்துவிடுகிறேன். ஆண்டவரிடம் திரும்பிப் போக ஜெபத்தைத் தவிர எனக்கு வேறு வழியும் தெரியவில்லையே.

கிரேசிடம் முழுதும் சொன்னால் உங்களை இரண்டாம் முறை காட்டிக்கொடுத்தவள் ஆவேன். ஒன்றுமே சொல்லாமல் அவள் தலையில் எப்படிக் கைவைப்பேன்?

இந்தச் சனிக்கிழமை அவளிடம் போகிறேன். உன் அம்மா நம்பிச் சொன்னதை வெளியே சொன்னவள் நான், அவர் சபைக்கு வராமல் போனது என்னால்தான் என்று சொல்வேன். அது என்ன விஷயம் என்று கேட்பாள். சொல்லமாட்டேன். அவள் என்னை வெறுத்து அனுப்பினாலும் சொல்லமாட்டேன் அண்ணி, இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. என் ஜெபம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இன்னும் உங்களை அண்ணி என்றே கூப்பிடும்,
உங்கள் நாத்தனார் ரூபி