மண் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை

காலையில் கொடியில் காயப்போட்ட வேட்டியெல்லாம் செம்மண் நிறம். பக்கத்து வயலையும் நிரப்புகிறார்கள். விடிந்ததிலிருந்து டிப்பர் லாரிகள் வந்து கொட்டுகின்றன. எழுந்து ஜன்னலைச் சாத்தக்கூட அலுப்பாக இருக்கிறது. உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரே பஸ்ஸில் எல்லை தாண்டி இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் நாம். நீ நிலத்தடி நீர் ஆபீசில் சேர்ந்தாய். நான் சாலை பஜாரில் ஒரு இரும்புக் கடையில் உட்கார்ந்தேன். கரமனைப் பக்கம் நான் வயல் வாங்கி வீடு கட்டப் போனபோது நீ ஒருவன்தான் வேண்டாம் என்றாய்.

"மக்கா, குன்னுதான் மழைய வாங்கி வச்சு மெதுவா விடும். வயலு அதத் தாங்கிக்கிடும். ஒண்ண வெட்டி இன்னொண்ணுல போட்டா ரெண்டும் போச்சுல்லா?"

"என் பத்து சென்டுலயா உலகம் அழியப்போவுது?" என்றேன். பெரிய அறிவாளி நான்! சிமென்ட் எந்தக் கம்பெனி என்று மூன்று தடவை விசாரித்தவன், மண் எந்தக் குன்றிலிருந்து வருகிறது என்று லாரிக்காரனிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர்.

மண் கொட்டிய அன்று நீ வந்தாய். வெள்ளைக் களிமண் வரியோடிய கட்டி ஒன்றை எடுத்து, உன் வழக்கப்படி முன்பல்லில் கடித்துப் பார்த்துத் துப்பினாய். "எந்த ஊரு மண்ணுடே?" என்று கேலி செய்தேன். "நல்ல மண்ணுதான்" என்று சொல்லிக் கை கழுவினாய். அதன்பிறகு என்னை வீட்டுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. உனக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ போய்ச் சேர்ந்த அன்றுதான் பல வருஷம் கழித்து உன் வீட்டுப் பின்புறத்தைப் பார்த்தேன். அங்கே இருந்த குன்றில் பாதி இல்லை. வெட்டிய இடத்தில் அதே வெள்ளை வரி. உன்னைக் குளிப்பாட்ட உன் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனேன். வாளி வறண்ட அடியில் போய் இடித்தது. உன் மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மண்ணெடுத்த பொறவு ஊத்து நின்னு போச்சு மாமா. பைப்பிலயும் இன்னைக்கு வரல்ல. உங்ககிட்ட மட்டும் சொல்லப்பிடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாவ. வீடு வச்சவன் நிம்மதியா இருக்கட்டும்னாவ."

கோபப்பட்டிருக்கலாமே, பாவி! இரண்டு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆட்டோ பிடித்து என் கிணற்றிலிருந்து நான்கு கேன் தண்ணீர் கொண்டுவந்தேன். அதில்தான் உன்னைக் குளிப்பாட்டினோம். வயலில் தோண்டிய கிணறு, எடுக்க எடுக்க ஊறுகிறது. இந்தக் கோடையிலும் வற்றவில்லை. தினமும் நான் அதில்தான் குளிக்கிறேன்.