வஞ்சிரத்தை ஏலம் விட்ட மாலை

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டுமென்று இன்று காலை பீரோவைக் குடைந்தேன். பழைய பாஸ்போர்ட்டின் உறைக்குள் உன் புகைப்படம் இருந்தது. விசாவுக்காக ராயபுரத்து ஸ்டுடியோவில் இருவரும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. ஈரத்தில் என் படத்தின் முதுகோடு ஒட்டிப்போயிருக்கிறது. பிரித்தால் உன் முகம் கிழியும். மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் போலந்தில் நடந்த பன்னாட்டு இளைஞர் முகாமுக்கு நம் மாதா கோயில் இளைஞர் மன்றத்திலிருந்து இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நீ காசிமேட்டில் மீன் ஏலம் விடும் அம்மாவின் மகள். நான் ரயில்வே குமாஸ்தாவின் மகள். விமானத்தில் மேகம் தெரிந்ததும் என் தொடையைக் கிள்ளினாய். நான் அக்கம்பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். அப்போதே தொடங்கிவிட்டது அது.

ஏரிக்கரையில் முகாம். தினம் மாலை ஒரு நாடு தன் பண்பாட்டைக் காட்ட வேண்டும். நம் இந்திய அணியில் மற்ற நால்வரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். சினிமாப் பாட்டுக்கு ஒரு நடனம் தயார் செய்தார்கள். ஓரமாக விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது உன் வேலை. முகம் சுளிக்காமல் இரண்டு நாள் ஒத்திகையிலும் நின்றாய்.

அன்று மேடையேறியதும் ஸ்பீக்கர் மக்கர் செய்தது. பாட்டு வரவில்லை. அரங்கம் காத்திருக்கிறது, நடனக்காரிகள் கையைப் பிசைகிறார்கள். நீ விளக்கைத் தரையில் வைத்தாய். யாருடைய துண்டையோ உருட்டி எடுத்துக்கொண்டு நடுமேடைக்குப் போனாய். "வா நைனா, வா! கண்ணு இன்னா பளபளன்னு கீது பாரு, வஞ்சிரம்!" என்று உன் அம்மாவின் குரலில் கூவினாய். பிறகு மேடைக்குக் கீழே நின்றிருந்த என் பக்கம் திரும்பினாய்.

"நீ இங்கிலீசுல சொல்லுடி, நான் கூவறேன்."

நான் தரையைப் பார்த்தேன். ஒரு நொடி காத்திருந்துவிட்டு நீயே தொடர்ந்தாய். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. கைகள் உயர்ந்தன. பிரேசில்காரன் ஒருவன் பேரம் பேசினான். கடைசியில் முகாமின் சமையல்காரரிடம் துண்டை விற்றாய். அரங்கமே எழுந்து நின்றது.

பக்கத்திலிருந்த ஜப்பானியப் பெண் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து, இதுதான் உங்கள் ஊர் மொழியா என்று என்னிடம் கேட்டாள். இல்லை, இது குப்பத்துப் பேச்சு, எங்கள் வீட்டில் இப்படிப் பேசமாட்டோம் என்றேன். திரும்பினால் நீ நிற்கிறாய். அந்த அளவு ஆங்கிலம் உனக்குத் தெரியும்.

நீ சண்டை போடவில்லை. ஊர் திரும்பும் விமானத்தில் ஒரே ஒருமுறை கேட்டாய்: "ஏன்டி, உங்க வூட்ல நெஜமாவே வேற மாரிதான் பேசுவீங்களா?" நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு நீ திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் கல்யாணமாகி வண்ணாரப்பேட்டைக்கு வந்தேன். பக்கத்து ஊர்தான். பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, அதோடு சரி. முந்தின வருஷம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க நினைத்த வாரமே நீ போய்விட்டாய். சாவு வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "எம்பொண்ணு பேச்ச வெள்ளக்காரங்களுக்கு இந்தப் பொண்ணுதான் எடுத்துச் சொல்லிச்சி." நீ அப்படிச் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பார்க்கப் போகும்போதெல்லாம் அதையே சொல்வார். நானும் தலையாட்டுவேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். ஷேர் ஆட்டோ பிடித்து நேராக உன் வீட்டுக்கு. அம்மா வாசலில் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியும்மா. வந்த அன்னிக்கே சொல்லி அழுதா. நீயா வாயத் தொறந்து சொல்றியான்னு பாத்துகினுதான் இருந்தேன்."

என்மேல் கோபமில்லையா என்றேன்.

"இல்லாம? உன்ன வந்து கேக்கறேன்னு கெளம்பனேன். அவதான் வுடல. 'வுடும்மா, அவ பயந்துட்டா'ன்னா."

அம்மா வற்புறுத்தியதால் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கர்வம் பிடித்தவள் என்று நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். நான் பயந்துபோனேன் என்பது எனக்கே தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் விமானத்தில் எனக்குப் பக்கத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாய்.