பிஷப்புக்கு அம்மை

மார்ச் 2, சனி

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, மீனின் காலை உணவை எட்டு மணியிலிருந்து ஏழரைக்கு மாற்றுவது என்று இன்று முடிவு செய்தேன். என் மனைவி ஆனியிடம் முறைப்படி தெரிவித்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். பெரிய சீர்திருத்தங்களை மக்கள் வரவேற்கும் விதம் இதுதான்.

மீன் என்னுடையதல்ல. என் மகன் கீத்துடையது, நீல டாங் என்ற கடல்மீன். கடல்நீர்த் தொட்டியில் முகத்தை நீட்டிக்கொண்டு, மந்தையை மேற்பார்வையிடுவதுபோல் சுற்றிச் சுற்றி வரும். அதனால் பிஷப் என்று பெயர் வைத்தான். போன வருடம் அவன் தேவாலயத்துக்கு வராமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெண் மோகனப்பிரியா, இந்து. அவர்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அறிவித்தேன். அறிவிப்பு தோ பாயோவில் எங்கள் வீட்டிலிருந்து ஆங் மோ கியோவில் அவர்கள் வீட்டுக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. தொட்டி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் நான் தேவாலயத்தின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இருக்கும் நேரம் பார்த்து வந்து, தண்ணீர் மாற்றிவிட்டுப் போவான். இப்போதெல்லாம் கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். லிஃப்ட் அருகே இரண்டு முறை பார்த்துவிட்டோம். தலையசைத்தான்.

இன்று வரவில்லை. ராணுவத்தின் ரிசர்விஸ்ட் பயிற்சி முகாம், இரண்டு வாரம்.

மார்ச் 5

மீன் பாறையில் உடம்பைத் தேய்க்கிறது. மேலெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். நூலகத்தில் மதியம்வரை படித்து, மன உளைச்சல் என்ற முடிவுக்கு வந்தேன். ஆனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அம்மை."

"மீனுக்கா?"

"புள்ளி புள்ளியா இருக்கு, சொறியுது, சாப்பிடல. வேற என்னவாம்?"

தேவாலயத்தில் மரியாயின் சேனைத் தலைவி அவள். நேராகத் தேக்கா சந்தைக்குப் போய் வேப்பிலை வாங்கி வந்தாள். கொத்தைத் தொட்டி மூடியின்மேல் கட்டினோம். கட்டியது நான், அவளுக்கு எட்டவில்லை. அறிவியலின் பங்காகத் தீனியில் பூண்டுச் சாறு கலந்தேன்.

மார்ச் 9

புள்ளிகள் மறைந்துவிட்டன. ஒன்றுகூட இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

திருப்பலி முடிந்து காபி குடிக்கும்போது விஷயத்தை அடக்கமாகச் சொன்னேன், மூன்று மேசைகளில். பூண்டைப் பற்றி மட்டும். பேரவைச் செயலாளர் ஆர்னால்ட், "கட்டுரையா எழுதுங்க லா, அற்புதராஜ்" என்றார். முதல் வாக்கியம் தயாராகிவிட்டது.

மார்ச் 13

புள்ளிகள் திரும்பிவிட்டன. முன்பைவிடப் பல மடங்கு. மூச்சு வாங்குகிறது, மூலையில் சாய்ந்து கிடக்கிறது. கீத்தின் ஃபோன் அணைந்திருக்கிறது. இது செத்துப்போச்சுன்னா — அவன் எதுக்கு இங்க வரணும்? மாத்துறதுக்கு என்ன தண்ணி இருக்கு?

ஆனி தன் ஃபோனை நீட்டினாள். 'மருமகள்' என்று ஓர் எண் பதிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

"நான்... கீத்தோட அப்பா."

"சொல்லுங்க மாமா."

மாமா என்று அழைக்க யார் அனுமதித்தது என்று விவாதிக்க நேரமில்லை. "பிஷப்புக்கு ரொம்ப முடியல."

"ஐயோ, எந்த பிஷப்?"

தஞ்சோங் பகாரில் அவளுக்கு அலுவலகம். ஒரு மணி நேரத்தில் வாளியோடு வந்து நின்றாள். கீத் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இது ஒட்டுண்ணி. புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லையாம். மீனைவிட்டு இறங்கி மணலில் பெருகி, கூட்டமாகத் திரும்ப ஏறுமாம். செம்பு கலந்த மருந்துதான் வழி. அதை இந்தத் தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் செத்துவிடும். ஆகவே மீன் ஆங் மோ கியோவில் தனித் தொட்டிக்குப் போகிறது. இங்கே இரண்டரை மாதம் மீனே இருக்கக் கூடாது, ஒட்டுண்ணி பட்டினியில் சாகும்வரை.

கிளம்பும்போது மூடியைப் பார்த்தாள்.

"மாமா, இது வேப்பிலதானே?"

"ஆனியோட வேலை."

"எங்க அம்மா வீட்லகூட இப்ப யாரும் கட்றதில்ல."

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மார்ச் 17

தினமும் படம் அனுப்புகிறாள். படத்தை வைத்து ஒரு நோயாளியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

மார்ச் 23, சனி

கூட்டத்துக்குப் போகவில்லை. ஆங் மோ கியோ போனேன். கீத்தின் வீட்டுக்கு அல்ல, நோயாளியைப் பார்க்க. நோயாளிகளைச் சந்திப்பது கிறிஸ்தவனின் கடமை. அதில் வாசலைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை.

கீத் கதவைத் திறந்தான். "செருப்ப வெளிய விடுங்கப்பா" என்றான். திருமணத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்துத் துளி விட்டு, நிறம் மாறுவதைக் காட்டினான். "செம்பு கூடினா மீன் போயிடும். கொறஞ்சா ஒட்டுண்ணி போகாது." இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நிறம் மாறி வெகுநேரம் ஆகியிருந்தது.

ஏப்ரல் 6

பிஷப் நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனாலும் யாராவது கண்காணிக்க வேண்டும். போனேன். ஆனியும் வந்தாள், கையில் ஒரு தூக்குச்சட்டியோடு.

ஜூன் 1

கெடு முடிந்தது. "எப்ப கொண்டு வரட்டும்?" என்றான் கீத். தோ பாயோ தண்ணீர் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை என்றேன். நேற்றுத்தான் சோதித்தேன், தங்கமான தண்ணீர். மோகனப்பிரியா, "இன்னும் ஒரு மாசம் பாப்போம் மாமா, அவசரமில்ல" என்றாள்.

ஜூன் 15, சனி

தொட்டியைப் பவளம், இறாலோடு ஆனி ஆர்னால்டுக்குக் கொடுத்துவிட்டாள். காலையிலேயே லாரி வந்து எடுத்துப்போனது. பிஷப்புக்குத் திரும்பி வர இடமில்லை, கண்காணிக்க இனி ஆங் மோ கியோவுக்குத்தான் போக வேண்டும்.