மச்சானின் ஊதுபத்தி

புதன்கிழமை, இரவு

என் பதவி உயர்வு பறிபோனபோது ஊரைக் கூட்டிச் சிரித்தவன் தங்கை கணவன் மணியம். அதன்பிறகு அவனோடு பேச்சில்லை. இன்று தங்கையை அழைத்துப்போக, தான் ஓட்டும் எரிவாயு டாக்சியில் வந்தான். அவளுக்காக டாக்சிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே கேஸ் வாடை. அவனோ சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்த லைட்டரை எடுத்தான்.

"கொளுத்தாதடா! கீழ இறங்கு!" என்று கத்தினேன்.

சிலிண்டர் வால்வை மூடினேன். காற்றோட விட்டு, பிறகு வால்வை லேசாகத் திறந்து குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினேன். நுரை பொங்கியது. மறுபடி இறுக மூடினேன்.

"வாடை போகத்தான் மச்சான், ஒரு வாரமா ரெண்டு பத்தி கொளுத்துறேன் லா."

"மடையா, கசியுதுன்னு சொல்லத்தான்டா அந்த வாடையே!"

தங்கை சிரித்தாள். "அண்ணே, பேசிட்டீங்க!"

மன்னிக்கவில்லை. அந்த டாக்சி பெட்ரோலிலும் ஓடும்; நாளை அப்படி ஓட்டி, மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உள்ள பட்டறைக்குப் போகிறான். நானும் போகிறேன், அவனை நம்ப முடியாது. இன்று சோறு ருசித்தது.